தேவதைக் கதையைப் புதிதாகச் சொல்லும்போது வரும் பழுதுகள்: அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறை

சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் சிறுவர் கதை எழுதுவோரின் படிகளைப் படித்துத் திருத்தித் தருவது என் வேலை என்பதால், ஒரே பழுது வெவ்வேறு கையெழுத்துகளில் திரும்பத் திரும்ப என் மேசைக்கு வருகிறது. சிண்ட்ரெல்லாவையோ, சிவப்புத் தொப்பிச் சிறுமியையோ, ஹான்சல்–கிரெட்டல் கதையையோ புதிதாகச் சொல்ல உட்கார்ந்தவர், சில பக்கங்கள் கடந்ததும், எழுதியதையெல்லாம் முன்பே எங்கோ படித்துவிட்டது போன்ற சலிப்பில் நின்றுவிடுகிறார். இந்த வழிமுறை அப்படி நின்றுபோன படிகளுக்கானது. ஒவ்வோர் அறிகுறியின் கீழும் எளிதில் தீரும் காரணம் முதலிலும், கதை முழுவதையும் திருப்பி எழுத வைக்கும் காரணம் கடைசியிலும் வருகின்றன. உங்கள் அறிகுறிக்கு நேராகச் செல்லலாம். ஆனால் காரணங்களின் வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். ஒரு மாலையில் தீர வேண்டிய பழுதுக்காக முழுப் படியையும் கிழித்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி 1: கதையைத் தேர்ந்தாயிற்று, யோசனை எதுவும் எழவில்லை

*எளிய காரணம்: உங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வடிவம்.*

சோதனை இது: புத்தகத்தைத் திறக்காமல், நினைவில் உள்ள நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதுங்கள், பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதை எங்கே அறிந்தீர்கள் என்று குறியுங்கள். பெரும்பாலான வரிகளுக்கு எதிரே ஏதேனும் ஒரு கார்ட்டூன் படம்தான் வரும். அப்படி வந்தால் பழுது இங்கேயே இருக்கிறது. பழைய வடிவங்களைத் தேடிப் படிப்பதே மருந்து.

சார்லஸ் பெரோ 1697-இல் பிரெஞ்சில் வெளியிட்ட சிண்ட்ரெல்லாவில் பூசணிக்காய் வண்டியும் தேவதையும் உண்டு. கடைசியில் சிண்ட்ரெல்லா சகோதரிகளை மன்னித்து, அவர்களுக்கும் நல்ல இடத்தில் மணம் முடித்து வைக்கிறாள். கிரிம் சகோதரர்களின் செருமானிய வடிவத்தில் தேவதையே கிடையாது. தாயின் கல்லறையில் வளர்ந்த மரமும் அதில் வந்தமரும் பறவைகளும்தான் ஆடை தருகின்றன, சகோதரிகளின் கண்களைப் புறாக்கள் கொத்துகின்றன. சீனத்தில் 9-ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்ட வடிவத்தில் உதவிக்கு வருவது இறந்த மீனின் எலும்பு. அதே கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட முதற்பதிப்பில் ஸ்நோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் அவளைப் பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாயாக மாற்றப்பட்டாள். இப்படி வடிவத்துக்கு வடிவம் மாறுகிற இடங்களே கதையின் இறுகாத மூட்டுகள். உங்கள் கையும் அங்கேதான் நுழைய முடியும்.

*அடுத்த காரணம்: எப்போதும் நாயகியின் தோளருகிலேயே நிற்கிறீர்கள்.*

அந்தக் கதையில் கூலிக்கு வேலை செய்பவர்கள் யார் என்று பட்டியலிடுங்கள். கிரிம் வடிவத்தில் சிண்ட்ரெல்லா ஓடித் தப்பாமல் இருக்க இளவரசன் அரண்மனைப் படிகளில் கீல் பூசச் சொல்கிறான். மறுநாள் அந்தப் படிகளைச் சுரண்டியவள் யார்? அவளிடம் ஒரு முழுக்கதை இருக்கிறது.

*நிபுணரை அணுக வேண்டிய கட்டம்:* வேறு வடிவங்கள் உங்களுக்கு அகப்படவே இல்லை என்றால் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் ஒருவரைக் கேளுங்கள். உலகக் கதைகளுக்கு வகை எண் உண்டு. சிண்ட்ரெல்லா 510ஏ, சிவப்புத் தொப்பிச் சிறுமி 333, ஹான்சல்–கிரெட்டல் 327ஏ. எண்ணைச் சொல்லிக் கேட்டால் கன்னடத்திலும் தமிழிலும் உள்ள உறவுக் கதைகளை அவர் எளிதில் எடுத்துக் காட்டுவார்.

அறிகுறி 2: பெயர்களும் பொருள்களும் மாறிவிட்டன, கதை மாறவில்லை

என்னிடம் வரும் படிகளில் பெரும்பகுதி இந்த வகை. கண்ணாடிக் காலணி செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசாகியிருக்கும், அரண்மனை நடனம் குகை மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவின் வண்டி வேடிக்கையாகியிருக்கும், சிண்ட்ரெல்லா செல்வியாகியிருப்பாள். படித்து முடித்தால் பழைய கதைக்குப் புதுச் சட்டை போட்டது போலத்தான் இருக்கும்.

*எளிய காரணம்: பொருளை மாற்றினீர்கள், அது கதையில் செய்துவந்த வேலையைக் கேட்கவில்லை.*

சோதனை: மாற்றிய ஒவ்வொரு பொருளுக்கும், மூலப்பொருள் கதையில் செய்யும் வேலையை ஒரே வரியில் எழுதி, புதிய பொருளால் அந்த வேலை நடக்குமா என்று பாருங்கள். காலணியின் வேலை, ஒருத்தியின் காலுக்கு மட்டும் பொருந்துவது. இப்போது ஒரு கொலுசைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் கொக்கி இருக்கிறது. மறு முனையில் வரிசையாகச் சிறு வளையங்கள் இருக்கின்றன. எந்த வளையத்தில் மாட்டினாலும் அந்த அளவுக்கு இறுகும். வளரும் பெண்ணுக்கு வருடக்கணக்கில் உதவ வேண்டும் என்றே அப்படிச் செய்கிறார்கள். ஆகவே ஊரில் பாதிப் பெண்களின் காலில் அந்தக் கொலுசு ஏறிவிடும், இளவரசனின் தேடல் முதல் தெருவிலேயே குழம்பிவிடும்.

இந்த இடத்தில் பலரும் "அது மாயக் கொலுசு, வேறு காலில் ஏறாது" என்று ஒரு வரி எழுதி ஓட்டையை அடைத்துவிடுகிறார்கள். அடைக்காதீர்கள். பொருள் தன் வேலையைச் செய்ய மறுக்கிற இடத்தில்தான் உங்களுக்கென்று ஒரு கதை கிடைக்கிறது. கொலுசு காலை அடையாளம் காட்டாது, ஆனால் தன் இணையை அடையாளம் காட்டும். பெரோவின் சிண்ட்ரெல்லாவிலேயே, காலணி பொருந்திய பிறகு அவள் தன் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து மாட்டிக்கொள்கிறாள். பலரும் மறந்துவிடும் அந்த அசைவைக் கதையின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இணைதான் சாட்சி என்றால், கிரிம் வடிவத்தில் செய்வதுபோல் சகோதரி தன் குதிகாலை வெட்டிக்கொள்ள வேண்டியதில்லை. இன்னொரு கொலுசைத் திருடினால் போதும், அல்லது அதே அச்சில் ஒன்றை ஓர் இரவில் செய்து வாங்கினால் போதும்.

கொலுசு அல்லது சிலம்பு சாட்சியாக வந்த மாத்திரத்தில் தமிழ் வாசகரின் மனம் சிலப்பதிகாரத்துக்குப் போகும். அங்கே பொற்கொல்லன் பொய் சொன்னான், அரசன் ஆராயாமல் நம்பினான், உள்ளே இருந்த பரல் மாணிக்கமா முத்தா என்று தெரிந்தபோது உயிர் போய்விட்டிருந்தது. அந்த நினைவை விரட்ட முயலாமல் பயன்படுத்துங்கள்: உங்கள் அரண்மனையும் தவறாகத் தீர்ப்புச் சொல்லக்கூடும் என்ற அச்சம் வாசகருக்குத் தானாகவே வந்துவிடுகிறது, நீங்கள் ஒரு வரிகூட அதற்காகச் செலவிட வேண்டியதில்லை. மேலும், சேலத்தில் ஒரு கொலுசு ஒருவர் கையில் முடிவதில்லை. உருக்குபவர் ஒருவர், கம்பி இழுப்பவர் ஒருவர், சலங்கை வைத்துப் பற்றவைப்பவர் ஒருவர், மெருகேற்றுபவர் வேறொருவர். எனவே வீடு வீடாகக் கால் அளந்து திரிந்த அரண்மனைச் சேவகன், இங்கே பட்டறை பட்டறையாக ஏறி இறங்க வேண்டியிருக்கும். பற்றவைத்தவர் தன் கைவேலையைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். ஆனால் சொல்ல விரும்புவாரா, அவருக்கு யார் பணம் கொடுத்திருக்கிறார்கள் என்பது கதையை நடத்தும். தேவதைக் கதை எழுத உட்கார்ந்தவர் துப்பறியும் கதையோடு எழுந்திருப்பார்.

நடனத்துக்கும் இதே சோதனை. அதன் வேலை, எல்லோரும் பார்க்க வேண்டும், எவரும் அடையாளம் காணக் கூடாது என்பது. வண்டி வேடிக்கையில் தெய்வ வேடமிட்டவர்கள் அலங்கரித்த வண்டிகளில் ஊர்வலம் வருகிறார்கள். வேடத்துக்குள் இருப்பது யார் என்று தெரியாது என்ற அளவில் வேலை பொருந்துகிறது. ஆனால் செல்வி அம்மன் வேடத்தில் வண்டியில் நின்றால் அவளைப் பெண் கேட்க யாருக்கும் தோன்றாது, கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றும். சித்தியும் கும்பிடுவாள். மறுநாள் காலையில் அதே சித்தி பாத்திரம் துலக்கச் சொல்லி அதட்டும்போது, செல்வி என்ன செய்வாள் என்பதற்குப் பழைய வடிவங்கள் எதிலும் விடை இல்லை.

*செலவு மிகுந்த காரணம்: அந்தக் கதையோடு உங்களுக்குச் சண்டை எதுவும் இல்லை.*

மேற்கண்டவற்றைச் செய்தும் கதை அசையவில்லை என்றால், மூலக்கதையில் உங்களால் நம்ப முடியாத, அல்லது கோபம் தரும் நிகழ்ச்சி எது என்று கேட்டுப் பாருங்கள். எதுவும் இல்லை என்றால் இந்தக் கதையை வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பதே நல்லது.

*நிபுணர்:* தொழில் விவரம் வரும் எந்தப் பக்கத்தையும், அந்தத் தொழிலில் இருப்பவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டாமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது. பட்டறையில் அரை நாள் உட்கார்ந்திருப்பது எந்த நூலையும் விடப் பயன் தரும்.

அறிகுறி 3: எல்லாவற்றையும் தலைகீழாக்கியும், முடிவை வாசகர் முன்பே சொல்லிவிடுகிறார்

ஓநாய் நல்லவன், பாட்டி கெட்டவள். இளவரசி வாளெடுக்கிறாள், இளவரசன் அழுகிறான். எதிர்ப்பதத்தால் கிடைத்த முடிவை வாசகரும் அதே எதிர்ப்பதத்தால் கண்டுபிடித்துவிடுவார்.

*எளிய காரணம்: நீங்கள் கவிழ்ப்பது மூலத்தை அல்ல, அதன் பிற்கால மென்வடிவத்தை.* சிறுமி துணிச்சலானவளாக இருப்பது புதுமை என்று நினைப்பவர்கள் கிரிம் தொகுப்பில் சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையின் வாலைப் படிக்க வேண்டும். முதல் ஓநாயிடமிருந்து வேட்டைக்காரன் காப்பாற்றிய பிறகு இரண்டாம் ஓநாய் ஒன்று வருகிறது; அதைச் சிறுமியும் பாட்டியும் தாங்களே, இறைச்சி வேகவைத்த நீரைத் தொட்டியில் ஊற்றி, வாசனைக்கு மயங்க வைத்து மூழ்கடிக்கிறார்கள். பெரோவின் வடிவத்தில் காப்பாற்ற யாருமே வருவதில்லை; ஓநாய் அவளை விழுங்கியதோடு கதை முடிகிறது. இரண்டும் ஏற்கெனவே இருக்கும்போது, வீரச் சிறுமி என்பது எந்தப் பக்கமும் திரும்பாத திருப்பம்.

*செலவு மிகுந்த காரணம்: எல்லோரையும் ஒரே நேரத்தில் திருப்பிவிட்டீர்கள்.* ஒருவரை மட்டும் மாற்றி மற்றவர்களைப் பழையபடி விட்டுப் பாருங்கள். ஓநாய் பழைய ஓநாயாகவே இருக்கட்டும். பாட்டிக்கு மட்டும், கதவைத் தட்டுவது பேத்தி அல்ல என்று தெரிந்திருக்கட்டும். ஏன் திறந்தாள் என்ற கேள்விக்கு நீங்கள் எழுதும் பதில்தான் புதிய கதை.

அறிகுறி 4: ஏற்காட்டில் நடக்கிறது, ஆனால் எங்கும் நடந்திருக்கலாம்

பனிமூட்டம், ஏரி, படகு, காப்பி மணம் என்று நான்கு வரி. பிறகு ஐரோப்பியக் காடு.

சோதனை எளிது. கதையில் வரும் இடப்பெயர்களை அடித்துவிட்டுப் படியுங்கள்; எந்த நிகழ்ச்சியும் தடுமாறவில்லை என்றால் இடம் வெறும் திரைச்சீலையாகத் தொங்குகிறது என்று பொருள்.

*எளிய காரணம்: பருவமும் உயிரினமும் தவறு.* காப்பி, கோடை மழை விழுந்ததும் மார்ச்–ஏப்ரலில் பூக்கிறது. பழம் பறிப்பது ஆண்டு முடிவை ஒட்டி. சிவப்புத் தொப்பிச் சிறுமி சித்திரையில் காப்பிப் பழக் கூடையோடு போனால் மலையில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். சேர்வராயன் மலையின் தோட்டங்களுக்குள் நடமாடுவது காட்டெருமை; ஓநாய் இல்லை. ஆனால் ஓநாயின் இடத்தில் காட்டெருமையை நிறுத்திவிட முடியாது, ஏனெனில் ஓநாயின் வேலை மரியாதையாகப் பேசி முகவரியைக் கறப்பது. அந்த வேலையை இங்கே மனிதர் ஒருவர்தான் செய்ய முடியும்: "எங்கே பாப்பா போறே, வண்டியிலே விட்டுடட்டுமா?" என்று கேட்பவர்.

*அடுத்த காரணம்: நிலத்தின் அமைப்பைக் கதை பயன்படுத்தவில்லை.* பெரோவின் கதையில் ஓநாய் குறுக்குவழியில் ஓடுகிறது, சிறுமி நீண்ட வழியில் பூப்பறித்துக்கொண்டு போகிறாள். சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வண்டியில் வருபவன் வளைவு வளைவாகச் சுற்றியாக வேண்டும்; சரிவில் நேராக ஏறும் ஒற்றையடிப் பாதையை அறிந்தவள் அந்தச் சிறுமி. குறுக்குவழி ஓநாயிடமிருந்து சிறுமியின் கைக்கு மாறிவிடுகிறது. ஒவ்வொரு வளைவிலும் அவள் சாலையைக் கடக்கும்போது கீழே வண்டிச் சத்தம் எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று கேட்கலாம். ஏதோ ஒரு வளைவில் பாதையை மறித்துக் காட்டெருமை நிற்கும். அது யார் பக்கமும் இல்லை, அசையவும் அசையாது. இடப்பெயரை அடித்தால் இந்தக் கதை விழுந்துவிடும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

உறவையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். "பாட்டி" என்று பொதுவாக எழுதிய படியில், அவள் அம்மாயியா அப்பாயியா என்று முடிவு செய்யும்படி நான் கேட்பேன். தந்தையைப் பெற்றவள் என்றால், உடல்நலமில்லாத மாமியாரைப் பார்க்க மருமகள் தான் போகாமல் குழந்தையை ஏன் அனுப்பினாள் என்ற கேள்வி எழும். கூடையில் என்ன வைத்து அனுப்பினாள் என்பதும் உடனே மாறும்.

*பெரியவர்களிடம் போக வேண்டிய கட்டம்:* சேர்வராயன் கோயிலையோ, மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் வழக்கங்களையோ தொடுகிறீர்கள் என்றால் உங்கள் கற்பனை அங்கே நிற்க வேண்டும். அந்தத் தெய்வத்துக்கு இன்றும் மே மாதத்தில் திருவிழா நடக்கிறது. அவரை மந்திரக் கோல் பிடித்த தேவதையாக்க எந்த எழுத்தாளருக்கும் உரிமை இல்லை. ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

அறிகுறி 5: தொடக்கம் நன்றாக இருக்கிறது, நடுவில் கதை நின்றுவிடுகிறது

*எளிய காரணம்: மும்முறை வரும் நிகழ்ச்சி மூன்று முறையும் ஒரே மாதிரி வருகிறது.* ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று தீர்ந்துபோகட்டும்: எண்ணெய், பணம், பொறுமை.

*அடுத்த காரணம்: காலம் கலந்துவிட்டது.* ஹான்சல்–கிரெட்டல் கதையைச் சேலத்தில் வைப்பவர்களுக்கு இது தவறாமல் நேர்கிறது. வீடு திரும்பும் வழிக்கு அடையாளமாகக் குழந்தைகள் இறைத்துக்கொண்டு போகும், நிலவில் பளிச்சிடும் வெள்ளைக் கூழாங்கற்களுக்குச் சுண்ணாம்புக் கரட்டின் மாக்னசைட் கற்கள் அழகாகப் பொருந்துகின்றன. ரொட்டித் துணுக்குக்கு ஜவ்வரிசி என்று கை தானாக எழுதிவிடுகிறது. பெற்ற பிள்ளைகளைக் காட்டில் விடும் கொடுமைக்கு 1876–78 தாது வருடப் பஞ்சத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் தொடங்கியது 1940-களில்தான். பஞ்சம் வேண்டுமா, ஜவ்வரிசி வேண்டுமா என்று ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

பஞ்சத்தைத் தேர்ந்தால் வழியில் இறைக்க உணவே இருக்காது. கையில் ஒரு பிடி தானியம் இருக்கும் குழந்தை அதைத் தரையில் போடுமா, தின்னுமா என்பதே நடுப்பகுதி. ஜவ்வரிசியைத் தேர்ந்தால், குச்சிக்கிழங்கு அரைக்கும் ஆலையின் உலர்களத்தில் வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் அவர்கள். இரவில் மழை பெய்தால் போட்ட மணிகள் ஊறிக் கூழாகிவிடும். பறவைகள் தின்பதற்கு எதுவும் இருக்காது. காலையில் பார்த்தால் அந்தப் பசையைத் தேடி எறும்புகள் சாரையாக ஊர்ந்துகொண்டிருக்கும். பழைய கதையில் அழிந்துபோன வழி இங்கே எறும்புச் சாரையாகத் திரும்பி வருகிறது. அது வீட்டுக்குத்தான் போகிறதா, புற்றுக்குப் போகிறதா என்று குழந்தைகளுக்குத் தெரியாது. நின்றுபோன நடுப்பகுதிக்கு இதைவிட அதிகம் தேவையில்லை.

*நிபுணர்:* பஞ்ச காலத்தை எழுதத் துணிந்தவர் மாவட்ட வரலாறு அறிந்த ஒருவரிடம் படியைக் காட்ட வேண்டும். அது பலர் குடும்பங்களில் உண்மையாக நடந்த சாவு.

அறிகுறி 6: கதை உபதேசமாக முடிகிறது

பெரோவும் ஒவ்வொரு கதையின் கீழும் நீதியைச் செய்யுளாக எழுதி வைத்தார். இன்று கதையைச் சொல்பவர்கள் அந்தச் செய்யுள்களை நினைப்பதுகூட இல்லை. கடைசிப் பத்தியை அடித்துவிட்டு அதற்கு முந்தைய பத்தியோடு நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் வேறு வேலை இருக்காது.

அறிகுறி 7: "இது என்னுடையதுதானா, சட்டச் சிக்கல் வருமா" என்ற அச்சத்தில் எழுத முடியவில்லை

மூலத்தைச் சிதைக்கிறோமோ என்ற தயக்கம் முதலில் தீரட்டும். அலிபாபா கதை பழைய அரபுச் சுவடிகளில் இல்லை. சிரியாவைச் சேர்ந்த ஹன்னா தியாப் வாய்மொழியாகச் சொன்னதைக் கேட்டு, அந்துவான் கலான் ஆயிரத்தொரு இரவுகளின் தன் பிரெஞ்சுத் தொகுப்பில் சேர்த்துக்கொண்டார். அதே கதையைத்தான் ஏற்காடு சாலையில் இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாக எடுத்தது. வாய் மாறி வந்த கதைக்கு இன்னொரு வாயாக இருப்பதில் குற்றம் எதுவும் இல்லை.

சட்டப் பக்கத்தில் சரிபார்க்க வேண்டியவை சில. பெரோ, கிரிம் சகோதரர்கள், 1875-இல் மறைந்த ஆண்டர்சன் ஆகியோரின் மூலங்களுக்கு இப்போது காப்புரிமை இல்லை. ஆனால் இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்தாளரின் வாழ்நாளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் உரிமை நீடிப்பதால், நீங்கள் படித்த தமிழ் மொழிபெயர்ப்பின் வரிகள் இன்னும் ஒருவருடைய சொத்தாக இருக்கக்கூடும். நிகழ்ச்சியை எடுக்கலாம், வாக்கியத்தை எடுக்கக் கூடாது. நாட்டுப்புறக் கதைத் தொகுப்புகளுக்கும் இதே கணக்குதான்: கதை ஊருடையது, அச்சில் உள்ள சொற்கள் தொகுத்தவருடையவை. ஸ்நோ ஒயிட்டின் குள்ளர்களுக்குக் கிரிம் வடிவத்தில் பெயரே கிடையாது; 1937-ஆம் ஆண்டு அமெரிக்கப் படம் சூட்டிய பெயர்களையோ அவர்களின் தோற்றத்தையோ உங்கள் படியில் கண்டால் உடனே நீக்குங்கள்.

இவற்றுக்கு மேல் ஐயம் இருந்தால், அல்லது பதிப்பகம் நீட்டும் ஒப்பந்தத்தில் ஒலிநூல், திரைப்படம், மொழிபெயர்ப்பு உரிமைகள் அனைத்தும் ஒரே வரியில் கேட்கப்பட்டிருந்தால், கையெழுத்திடும் முன் காப்புரிமை வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். என்னைப் போன்ற திருத்துநரிடம் அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து பயனில்லை.